ஃப்ரிட்ஜில் தூங்கிய பதினேழாம் எண்

எள் வறுபடும் வாசனை மாடிவரை ஏறிவந்து துர்ஸாஃபை எழுப்பியது. மணி ஐந்தே முக்கால். ஜூலை மாதத்தில் அந்த நேரத்துக்கே சுவரெல்லாம் சூடாகிவிடும். அதிலும் அடுப்பை மூட்டி எள் வறுக்க வேண்டுமென்றால் ஒன்று பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், இல்லை மகளுக்குப் பிரசவம் நெருங்கியிருக்க வேண்டும்.

மாமியார் மெஹ்ரெஸியாவுக்கு இரண்டாவது காரணம். மார்செய் நகரத்தில் இருக்கும் மகள் யுஸ்ராவுக்கு இந்த மாதக் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை கப்பல். பிள்ளை பெற்றவளுக்கும் பார்க்க வருகிறவர்களுக்கும் கிண்ணம் கிண்ணமாகக் கொடுக்க ஸெரீர் வேண்டாமா? எள்ளும் கொட்டையும் தேனும் வெண்ணெயும் சேர்த்து அரைத்து ஆறு ஜாடி நிரப்பாமல் ஒரு தாய் கடல் தாண்டினாள் என்றால், அவர்கள் இருக்கும் பார்தோ வட்டாரத்தில் அப்புறம் தலை காட்ட முடியுமா?

அந்தக் கப்பலில் அவள் ஏறப்போவதில்லை என்பது அவளைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

போன வாரம் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, துர்ஸாஃப் தன் கணவன் லொத்ஃபியிடம் அழுதுகொண்டே சொன்ன செய்திதான் அதற்குக் காரணம். மாமியார் மெஹ்ரெஸியாவுக்கு ஒன்றரை வருஷமாக மைலோமா. மஜ்ஜைக்குள் உட்கார்ந்துகொண்டு எலும்பை அரிக்கும் புற்று. அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அந்த ஊரிலேயே சொல்ல மாட்டார்கள். ‘கெட்ட நோய்’ என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தி. மெஹ்ரெஸியாவிடம் சொன்னதெல்லாம் ‘ரத்தம் கம்மி, எலும்புத் தேய்மானம்’ என்றுதான். மருந்து கேட்டது. மூன்று வாரத்துக்கு முன் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்துப் பார்த்த டாக்டர், ‘தாராளமாக மகள் வீட்டுக்குப் போய்வாருங்கள்’ என்றும் சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த மஜ்ஜையில் ஒரு குழாய், துர்ஸாஃப் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கும் வந்தது. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பதினேழு. யாருடையது என்று அவளுக்குத் தெரியவே கூடாது. அந்த வாரம் வந்தது ஒரே குழாய். அந்த வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த மாமியாரும் ஒரே ஒருத்தி. தெரியாமலிருக்க அவள் என்ன மரக்கட்டையா?

அந்தப் பதினேழில் அவள் கண்டது நோயின் வேர். லட்சம் செல்லுக்கு நானூற்றுப் பத்து. மற்றக் குழாய்களில் பத்தைத் தாண்டுவதே அபூர்வம்.

லொத்ஃபி நடுங்கிப்போனான். தம்பி மோயிஸிடம் சொன்னான். பயணத்தை நிறுத்துவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். இன்று மத்தியானச் சாப்பாட்டில் உம்மாவிடம் சொல்லிவிடுவதாக ஏற்பாடு.

துர்ஸாஃப் படியிறங்கி வந்தாள். மாடியில் அவளும் லொத்ஃபியும், கீழே மாமியாரும் மோயிஸும். சமையலறை மட்டும் இரண்டு.

“கதவை விட்டு நகரு மகளே, ஜாடிக்கு இடம் பாக்கணும்.” மெஹ்ரெஸியா ஃப்ரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டாள்.

“ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி மாமி. இப்ப எதுக்கு இதெல்லாம்? கொஞ்சம் உக்காருங்க.”

“நான் உக்காந்தா எள்ளு தானா அரைஞ்சுக்குமா? இந்த முலாம்பழத்தைப் பாரு, பாதிப் பெட்டியை அடைச்சிட்டு நிக்குது. உன் கொழுந்தனுக்கு ஃப்ரிட்ஜுல எதை வெக்கலாம், எதை வெக்கக்கூடாதுன்னு ஒரு விவரம் கிடையாது. அன்னிக்கு என் ரத்தத்தையே கொண்டாந்து ஹரிஸ்ஸா மிளகாய் விழுது டப்பா பக்கத்துல வெச்சவனாச்சே.”

துர்ஸாஃபின் கையில் காபிக் கோப்பை நின்றுவிட்டது. “எந்த ரத்தம்?”

“இடுப்புல துளை போட்டாங்களே, அன்னிக்கு. ஊதா மூடி போட்ட சின்னக் குழாய். காகிதத்தைச் சுத்தி ரப்பர் பேண்டு போட்டுக் கதவுத் தட்டுல நிறுத்தியிருந்தான், ஒரு பக்கம் முட்டை, ஒரு பக்கம் ஹரிஸ்ஸா. வெயில் காலமாச்சே, கெட்டுப்போகப் போகுதேன்னு நான்தான் மேல ஐஸ் பெட்டிக்கிட்ட மாத்தி வெச்சேன். காலையில எடுத்துட்டுப் போனான்.”

“ராத்திரி பூரா இங்கேயா இருந்துச்சு?”

“ஆமா. நல்ல ஜில்லுன்னு. ஏன், உன் மூஞ்சி என்ன இப்படி ஆயிடுச்சு? எள்ளு எதுவும் கருகுதா?”

எள் கருகவில்லை. துர்ஸாஃப் கோப்பையை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

வாசலில் மோயிஸ் தன் மஞ்சள் டாக்ஸியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணி வந்த வேகத்தைப் பார்த்ததும் துணியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

“மூணு வாரத்துக்கு முன்னாடி உம்மாவோட குழாயை எத்தனை மணிக்குக் குடுத்தாங்க உன்கிட்ட?”

“அது… ஒரு மணி இருக்கும் அண்ணி.”

“அங்கேர்ந்து எங்க ஆபீஸ் பதினஞ்சு நிமிஷம். நேரா வந்தியா?”

“வந்தேனே. வழியில அரியானாவுக்கு ஒரு பொம்பள ஏறுனா, கையில கைக்குழந்தை, பாவமா இருந்துச்சு…”

“மோயிஸ்.”

“சரி, குழந்தை இல்ல. ஒரு சவாரி. அவ்வளவுதான். திரும்பி வந்தா உங்க கேட்டு பூட்டிக் கிடக்கு. ஒத்தை வேளை ஆரம்பிச்சு மூணாவது நாள், எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? நான் என்ன கவர்ன்மென்ட் ஆளா?”

ஜூலை பிறந்தால் ஊரே ஒற்றை வேளைதான். காலை ஏழரைக்குத் திறக்கும் ஆபீஸெல்லாம் இரண்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடும். அப்புறம் குழாயோடு வந்தாலும் கும்பலோடு வந்தாலும் காவலாளிதான் பதில் சொல்வான்.

“மறுநாள் காலையில குடுத்தே. சரி. படிவத்துல ஏழரைன்னு இருக்கே, அது யார் எழுதினது?”

மோயிஸ் தலையைச் சொறிந்தான். “கவுன்ட்டர்ல அந்தப் பொண்ணு, ‘எப்ப எடுத்தது’ன்னு கேட்டா. ‘எப்ப எடுத்திருந்தா நல்லது’ன்னு நான் கேட்டேன். ‘ரெண்டு மணி நேரத்துக்குள்ள’ன்னா. அப்ப மணி எட்டே கால். ஏழரைன்னுட்டேன். கொஞ்சம் கூடவே நல்லதா இருக்கட்டுமேன்னு.”

அவனை அடிப்பதா, சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் குழாயைச் சுமக்க ஆள் ஏது? அவரவர் ரத்தத்தை அவரவர் பிள்ளைகள்தான் சுமக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வழியில் சவாரி கிடைக்கிறது.

“அண்ணி, ஏதாவது தப்பாயிடுச்சா?”

“தெரியல. ஒன்பது மணிக்கு உம்மாவைக் கூட்டிட்டுப் போ. நேரா.”

லொத்ஃபிக்குப் போன் செய்யலாமா என்று கையில் எடுத்தவள் மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள். எண் பொய்யாக இருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம். பொய்யான பயத்தைக் கொடுத்தவளுக்குப் பொய்யான நிம்மதியையும் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை.

ஆய்வுக்கூடம் இருக்கும் பாப் ஸாதூன்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். உட்கார இடம் இருந்தது.

விஷயம் இதுதான். மைலோமாச் செல் ஒவ்வொன்றும் வாசலில் ஒரு பெயர்ப்பலகை மாட்டியிருக்கும். ஆய்வுக்கூடத்தில் அந்தப் பலகைக்கு நூற்று முப்பத்தெட்டு என்று பெயர். பலகையில் ஒட்டும் சாயத்தைச் சேர்த்து, செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிட்டால், பலகை உள்ளவை திரையில் மேலே புள்ளிகளாக விழும். அதே குடும்பத்துச் செல்கள்தான், ஆனால் பலகை இல்லாதவை, கீழே விழும். மருந்துக்குத் தப்பி ஒளிந்திருந்து, நோயை மறுபடி முளைக்க வைக்கும் ஸ்டெம் செல்கள் அந்தக் கீழ்க் கூட்டத்தில்தான் இருக்கின்றன என்பது அவளுடைய பேராசிரியர் மேடம் கமரின் கட்சி. அப்படி எதுவும் இல்லை என்கிற கட்சியும் உலகத்தில் பலமாகவே இருக்கிறது.

ஆனால் குழாய் பழையதானால், குளிரில் கிடந்தால், பலகை தானாகவே கழன்று விழுந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுப்பது இது. பலகை விழுந்த செல்லும், பலகையே மாட்டாத செல்லும் திரையில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

மேடம் கமர் வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். திரையில் மாநாட்டுக்கு அனுப்ப வேண்டிய ஆய்வுச் சுருக்கம். இன்று இரண்டு மணிக்குள் போயாக வேண்டும். மூன்றாவது வரியிலேயே பதினேழாம் எண் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“பதினேழு கெட்டுப்போன குழாய் மேடம். ராத்திரி பூரா ஃப்ரிட்ஜுல இருந்திருக்கு. பத்தொம்பது மணி நேரம் பழசு.”

“படிவத்துல ஏழரைன்னு இருக்கே.”

“பொய்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

கொண்டுவந்தவர் போன் பண்ணிச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். காவலாளி சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது இரண்டையும் ஒத்திகை பார்த்திருந்தாள். வாயில் வந்தது மூன்றாவது.

“அது எங்க வீட்டு ஃப்ரிட்ஜு.”

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “யாரோடதுன்னு எப்பத்திலேர்ந்து தெரியும்?”

“வந்த அன்னிக்கே.”

“யார்கிட்ட சொன்னே?”

“வீட்டுக்காரர்கிட்ட. அவர் தம்பிகிட்ட சொல்லிட்டார். சனிக்கிழமை அவங்க உம்மா மார்செய் போறதா இருந்துச்சு. நிறுத்தப் போறாங்க.”

“ஒரு டாக்டருக்குக்கூட நாம சொல்லாத எண் அது. ஏன் சொல்லலை? அதுக்கு அர்த்தம் என்னன்னு நமக்கே இன்னும் தெரியாது. இது உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்புறம்?”

“பயந்துட்டேன் மேடம். அவங்க எங்க வீட்டு மனுஷி.”

மேடம் திரையில் மூன்றாவது வரியை அழித்தார். நான்காவதையும் அழித்தார். மிச்சமிருந்ததைப் படித்துப் பார்த்தார்.

“இதுல இனிமே ஒண்ணுமே இல்ல, துர்ஸாஃப்.”

“இல்ல மேடம்.” மூன்று வருஷ வேலை. அவளுடைய பெயர்தான் முதலில் இருந்தது.

“இன்னிக்கு அவங்களுக்கு ஒன்பது மணிக்கு டாக்டர்கிட்ட…” என்று ஆரம்பித்தாள்.

“நம்ம தப்புக்கு ஒரு பொம்பளையை இன்னொரு தடவை துளை போட்டுக்கச் சொல்லி நான் கேக்க மாட்டேன். நீயும் மருமகளா நின்னு கேக்கக்கூடாது. எல்லாம் தெரிஞ்சு அவங்களே சரின்னு சொல்லணும். டாக்டரும் ஒத்துக்கணும். ரெண்டும் நடந்தா குழாயை நான் பாக்கறேன். நீ எந்திரத்துப் பக்கமே தலை வெக்காதே.”

“எல்லாமும்னா?”

“எல்லாமும்னா எல்லாமும்தான். நோயோட பேரையும் சேர்த்து.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு கொள்ளாமல் கூட்டம். மெஹ்ரெஸியா சுவரோரம் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள், மடியில் துணிப்பை. மோயிஸ் வண்டியை நிறுத்தப் போயிருந்தான்.

“நீ எங்க இங்க? வேலை இல்லையா?”

துர்ஸாஃப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். “மாமி, உங்களுக்கு… ரத்தம் கம்மின்னு சொன்னோம்ல…”

“சொன்னீங்க.”

“அது அது இல்ல. அது வந்து…”

ஒரு நாளைக்கு இருபது தடவை எழுதும் வார்த்தை. பாடம் நடத்தியிருக்கிறாள். இப்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

“மைலோமா,” என்றாள் மெஹ்ரெஸியா.

துர்ஸாஃப் அப்படியே அவளைப் பார்த்தாள்.

“குழாயைச் சுத்திக் காகிதம் இருந்துச்சே. முப்பது வருஷம் தபாலாபீசுல கடிதம் பிரிச்சவ நான். தலைகீழாக் கிடந்தாலும் படிப்பேன். கண்ணுல பட்ட எழுத்தைப் படிக்காம இருக்க எனக்குத் தெரியாது. மறுநாள் மருந்துக்கடைக்காரன்கிட்ட கேட்டேன், பக்கத்து வீட்டுக்காரிக்குன்னு சொல்லி. அவன் மூஞ்சியைப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு.”

“ஏன் எங்ககிட்ட கேக்கல?”

“என் பிள்ளைங்க அவ்வளவு கஷ்டப்பட்டு ஒளிச்சு வெச்சிருக்கீங்க. அதைக் கெடுப்பானேன்னு விட்டேன். ஆனா ஒரு வாரமா எல்லாரும் நுனிக்கால்ல நடக்கறீங்களே, தரை என்ன சுடுதா? அதுதான் எனக்கு வயித்தைக் கலக்குது. புதுசா என்ன?”

துர்ஸாஃப் சொன்னாள். பதினேழு, நானூற்றுப் பத்து, லொத்ஃபி, கப்பல், ஃப்ரிட்ஜ், ஐஸ் பெட்டி, கழன்று விழும் பலகை, எல்லாவற்றையும். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. மெஹ்ரெஸியா நடுவில் ஒரே ஒரு தடவை விசிறியை நிறுத்தினாள். கப்பல் என்றபோது.

“அப்போ நான் போகமாட்டேன்னு மூணு பேருமாச் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க. நான் பாட்டுக்கு அடுப்படியில வெந்துக்கிட்டு எள்ளு வறுக்கறேன்.”

“தப்புதான் மாமி.”

“தப்புதான்.” கோபம் நிஜமாகவே வந்திருந்தது, மூக்கு நுனி சிவந்துவிட்டது. துர்ஸாஃபின் கையைத் தட்டிவிட்டாள். பிறகு தானாகவே கேட்டாள், “அந்தப் பலகை விழுந்துடும்னியே, விழுந்தது எங்க போகும்?”

“எங்கன்னா?”

“எங்களுக்கும் விலாசம் இல்லாத கடிதம் வரும். சிலது எழுதாமலே போட்டது. சிலது ஒட்டின சீட்டு கழண்டு போனது. கழண்ட சீட்டு எங்க போகும், அந்தச் சாக்குக்குள்ளதானே கிடக்கும்? நாங்க சாக்கை உதறுவோம். நீங்க எதையும் உதறுறதில்லையா?”

துர்ஸாஃப் அழுகையை மறந்தாள். கழன்ற பலகைகள் குழாயின் நீரில்தான் மிதக்கும். பதினேழு குழாய்களின் நீரையும் வடித்து, உறைய வைத்து, பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

“பயமா இருக்கா மாமி?”

“இருக்கு. இருக்காதா பின்ன? ஆனா தெரியாம போனா கப்பல்ல தூக்கம் வராது. டாக்டரைக் கூப்பிடு, துளை போட்டுக்கறேன். ரெண்டு விஷயம். குழாயை நான்தான் எடுத்துட்டு வருவேன், உன் கொழுந்தன் வண்டி மட்டும் ஓட்டட்டும். இன்னொண்ணு, பாத்ததை முதல்ல என்கிட்ட சொல்லணும். என் பிள்ளைங்ககிட்ட இல்ல.”

டாக்டர் முதலில் மறுத்தார். பிறகு மேடம் கமரோடு போனில் கால் மணி நேரம் பேசினார். பிறகு கையைக் கழுவப் போனார்.

பத்து ஐம்பதுக்கு ஆய்வுக்கூடக் கவுன்ட்டரில் ஒரு கை மூடியபடி வந்து திறந்தது. உள்ளங்கைச் சூட்டோடு ஊதா மூடிக் குழாய்.

“எடுத்தது பத்து இருபத்தஞ்சு. இப்ப பத்து அம்பது. எழுதிக்கோ,” என்றாள் மெஹ்ரெஸியா, இன்னொரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. “அன்னிக்கு ஒருத்தன் ஏழரைன்னு சொன்னானே, அதையும் அடிச்சிடு.”

பின்னால் நின்ற மோயிஸ் கூரையைப் பார்த்தான்.

அதற்குமேல்தான் துர்ஸாஃபுக்கு நரகம். எந்திர அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் மேடம் கமரும் குழாயும். சாயம் சேர்க்க ஒரு மணி நேரம், கழுவ, வடிகட்ட, ஓடவிட. ஒவ்வொன்றும் எத்தனை நிமிஷம் என்று அவளுக்கு மனப்பாடம். சுத்தமாக இருந்த கண்ணாடிக் குடுவைகளை எடுத்து மறுபடி கழுவினாள். வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். மின்விசிறி தடதடவென்று சுற்றியது, காற்று வரவில்லை.

மெஹ்ரெஸியா பெஞ்சில் ஒருக்களித்து உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து ஒரு ஸெரீர் ஜாடியை எடுத்துத் திறந்துவிட்டாள். கவுன்ட்டர்ப் பெண்ணுக்கு ஒரு கரண்டி, காவலாளிக்கு ஒரு கரண்டி. “பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி தின்னா தப்பில்லையா?” என்று காவலாளி கேட்டான். “வாயில போட்டுக்கிட்டே கேக்கற பாரு,” என்றாள் அவள்.

“உக்காராம அலையறியே, பழைய படிவங்களைப் பாரு,” என்று மேடம் உள்ளேயிருந்து ஒரு கட்டைக் கொடுத்தனுப்பினார். பதினாறு படிவம். பதினொன்றில் ‘கொண்டுவந்தவர்’ என்ற இடத்தில் ‘உறவினர்’ என்று இருந்தது. எடுத்த நேரங்களெல்லாம் அழகான நேரங்கள். ஏழரை, எட்டு, எட்டரை. இவ்வளவு அழகாக இந்த ஊரில் எதுவும் நடந்ததில்லையே என்று மூன்று வருஷமாகத் தோன்றாமல் போனது எப்படி?

ஆஸ்பத்திரி நர்ஸ் மூலமாக நான்காம் எண்காரருக்குப் போன் போட்டுக் கேட்டாள். நர்ஸ் பதிலை அப்படியே ஒப்பித்தாள். “‘ஃப்ரிட்ஜுலயா? எங்களை என்ன அவ்வளவு அலட்சியமான ஆளுங்கன்னு நெனச்சீங்களா? ஃப்ரீஸர்ல வெச்சோம்’னு கோச்சுக்கறார்மா.”

துர்ஸாஃப் படிவத்தின் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். மிச்சம் பத்துப் பேரையும் கேட்க வேண்டும். பெட்டியைத் திறந்து எல்லா நீரையும் பார்க்க வேண்டும். எல்லாம் கழன்ற பலகைகளாகவே இருந்துவிட்டால்? வேர் என்று ஒன்றை அவர்கள் இதுவரை பார்த்ததே இல்லை என்றாகிவிட்டால்? அதை நாளைக்கு நினைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள், தள்ளிப் போகவில்லை.

ஒன்று நாற்பது. கதவு திறந்தது. மேடம் கமர் துர்ஸாஃபைப் பார்க்கவே இல்லை. நேராகப் பெஞ்சுக்குப் போய் மெஹ்ரெஸியா பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உள்ள வாங்க லெல்லா,” என்று மரியாதையாகக் கூப்பிட்டார்.

“இங்கயே சொல்லுங்க. எழுந்தா இடுப்பு வலிக்குது.”

“என்ன பாத்தேன்னு சொல்றேன். அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா எனக்குத் தெரியாது. சம்மதமா?”

“சம்மதம்.”

“அந்த நானூறு பேரும் இருக்காங்க. ஆனா பலகையோட இருக்காங்க. மருந்துக்கு நல்லாத் தெரிஞ்ச ஆளுங்க. உங்க டாக்டர் சொன்னதுதான் சரி. பலகை இல்லாம கீழ விழுந்தது ஆறு.”

“ஆறு நூறா?”

“ஆறு. லட்சத்துல ஆறு புள்ளி.”

“அது வேரா?”

“இருக்கலாம். தூசியாவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.”

மெஹ்ரெஸியா தலையாட்டினாள். ஜாடியை மேடம் கமர் பக்கம் நகர்த்தி, கரண்டியைத் தன் துப்பட்டாவில் துடைத்துக் கொடுத்தாள்.

மேடம் ஒரு கரண்டி சாப்பிட்டார். எழுந்து போகும்போதுதான் துர்ஸாஃபிடம் ஒரு வார்த்தை. “நாளைக்கு ஏழரைக்கு வா. பெட்டியைத் திறக்கறோம். உன் பேரு எந்த இடத்துல வரும்னு இப்ப கேக்காதே.”

இரண்டு மணிக்குக் காவலாளி கேட்டைச் சாத்தினான். மாநாட்டுக்கு எதுவும் போகவில்லை.

வீட்டில் மூன்றரைக்குச் சாப்பாடு. வறுத்த மத்தி மீன், சுட்ட மிளகாய்க் கூட்டு, ரொட்டி. லொத்ஃபி பாங்க் வேலை முடிந்து வந்ததிலிருந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். மனைவி கண்ணைக் காட்டினாள். அவனுக்குப் புரியவில்லை. தம்பி காலை மிதித்தான். சொல்லச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டான்.

“உம்மா, ஒரு விஷயம். கப்பல் ஆபீசுலேர்ந்து போன் வந்துச்சு. சனிக்கிழமை இடம் இல்லையாம்.”

மெஹ்ரெஸியா மீன்முள்ளை நிதானமாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

“எத்தனை பேருக்கு இடம் இல்லையாம்?”

“எத்தனை பேர்னா… உங்க ஒருத்தருக்குத்தான்.”

“ஒருத்திக்கே இல்லைன்னா ஏழு பேருக்கு எங்க இருக்கப் போகுது?”

“ஏழு பேரா?”

“நான் ஒண்ணு. எனக்குள்ள ஆறு.” அவள் மகனை நேராகப் பார்த்தாள். “மைலோமா, லொத்ஃபி. வாயைத் திறந்து நீயும் ஒரு தடவை சொல்லு. சொன்னா ஒட்டிக்காது.”

லொத்ஃபியின் முகம் வெளிறியது. மனைவியைப் பார்த்தான். துர்ஸாஃப் தலையசைத்தாள். அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ரொட்டித் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சின்னப் பையனைப் போல விசும்ப ஆரம்பித்தான்.

மெஹ்ரெஸியா எழுந்து போய் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இடுப்பு வலித்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

“அந்த ஆறு பேர் யாருன்னு உன் பெண்டாட்டிக்கே இன்னும் தெரியாதாம். அவ கண்டுபிடிக்கட்டும். அதுவரைக்கும் நான் இங்க உக்காந்து அவங்களுக்குக் காவல் காக்கணுமா? என் பேரப்பிள்ளை எனக்காக உள்ளயே காத்துக்கிட்டிருக்குமா? அவங்களையும் கூட்டிக்கிட்டுத்தான் கப்பல் ஏறப்போறேன்.”

மோயிஸ் மூக்கை உறிஞ்சினான்.

“துர்ஸாஃப், அந்த எள்ளை எடு,” என்றாள் மெஹ்ரெஸியா. “யுஸ்ராகிட்ட ஆறு ஜாடின்னு சொல்லியிருக்கேன். ஒண்ணை உங்க ஆபீசே தின்னுடுச்சு.”